காதில் தமிழ், கையில் பெர்மிட்: ஜோகூரில் முதல் நாட்கள்

அதிகாலை நான்கு மணிக்கே ஜோகூர் பாரு எழுந்துவிடுகிறது. தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் உறுமும். ஹெல்மெட்டும் மழைக்கோட்டுமாக ஆண்களும் பெண்களும் நீரிணையை நோக்கிப் பறப்பார்கள். எதிர்க்கரையில் சிங்கப்பூர். அங்கே சம்பாதிக்கும் ஒரு டாலர் இங்கே மூன்று ரிங்கிட்டுக்கு மேல். நாளொன்றுக்குச் சுமார் மூன்று லட்சம் பேர் கடக்கும் இந்த எல்லை, உலகின் நெரிசல் மிகுந்த தரைவழி எல்லைகளில் ஒன்று.

புதிதாக வந்திறங்கிய தமிழ்நாட்டுக்காரருக்கு ஊரின் முதல் அறிமுகம் பெரும்பாலும் இந்தச் சத்தம்தான். ஆறரை மணிக்கு ஜன்னலைத் திறந்தால் இன்னும் இருட்டு. கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. சூரியன் ஏழு மணியளவில்தான் வருகிறது. பிற்பகலில் சொல்லிவைத்தாற்போல் இடி, மழை. ஒரு மணி நேரத்தில் வெயில். உடம்பு இதற்கெல்லாம் பழக ஒரு வாரமாவது ஆகும்.

காது பழக ஒரு பொழுதுகூட வேண்டியதில்லை. மாமாக் கடை எனப்படும் இந்திய முஸ்லிம் உணவகத்தில் ரொட்டி சானாய் தட்டுகிறவர் தமிழில் விலை சொல்கிறார். மளிகைக் கடை வானொலியில் மின்னல் எஃப்.எம். பாடுகிறது. காசாளர் மேசையில் 'மலேசிய நண்பன்' நாளிதழ் கிடக்கிறது. "தம்பி ஊர்லேருந்து புதுசா வந்திருக்கியா? எந்தப் பக்கம்?" என்று கேட்க ஓர் அண்ணனோ அக்காவோ எங்கும் இருக்கிறார்கள். முதல் நாள் இரவே வீட்டுக்குப் போன் போகும்: "பயப்படாதம்மா, நம்ம ஊரு மாதிரிதான் இருக்கு."

அம்மாவுக்கு அது ஆறுதல்தான். ஆனால் பல பேருடைய துன்பம் தொடங்கும் இடமும் அதுவே. காதில் தமிழ் விழுவதால் ஊரைத் தெரிந்துகொண்டுவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. பெர்மிட்டில் என்ன எழுதியிருக்கிறது, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது, முதலாளி நீட்டிய மலாய்த் தாளில் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்ற கேள்விகளைத் தள்ளிப்போடச் சொல்கிறது. துபாயிலோ கத்தாரிலோ இறங்குகிறவர் அந்நிய தேசத்தில் இருக்கிறோம் என்ற எச்சரிக்கையோடு இருப்பார். ஜோகூரில் இறங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கை குறைந்துவிடுகிறது. இந்த ஊருக்கு வருகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

லயத்தில் விடிந்த முதல் நாள்

இந்தத் தமிழ் இங்கே எப்படி வந்தது என்பதை வருகிறவர்கள் கொஞ்சமாவது அறிந்திருக்க வேண்டும். 1855-ல் ஜோகூர் ஆட்சியாளர் தெமெங்கோங் டாயேங் இப்ராஹிம் தஞ்சோங் புத்ரி என்ற பெயரில் உருவாக்கிய குடியிருப்பு, 1866-ல் அவர் மகன் அபு பக்கார் காலத்தில் ஜோகூர் பாரு ஆனது. தொடக்கத்தில் காடு வெட்டி காம்பீரும் மிளகும் பயிரிட்டவர்கள் சீனர்கள். 1909-ல் ரயில் பாதை தெற்கு முனைவரை வந்தது. அதே காலத்தில் ரப்பர் வந்தது. ரப்பரோடு தமிழர்கள் வந்தார்கள். சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய், கோத்தா திங்கி என்று ஜோகூர் மாநிலம் நெடுக தோட்டங்கள் எழுந்தன.

அவர்களுடைய முதல் நாட்களை நினைத்துப் பாருங்கள். தோட்டத்திலிருந்து கங்காணி தன் சொந்த கிராமத்துக்கு வருவார். சொந்தக்காரர், சாதிக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆள் சேர்ப்பார். முன்பணம் கைமாறும். ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாமில் சில நாட்கள் தங்கல், மருத்துவச் சோதனை, பிறகு கப்பல். 1926-ல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலின் பெயர் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் புழங்குகிறது. கரையேறினால் நோய்த்தடுப்பு முகாம். அதன் பிறகு ரயிலோ லாரியோ ஏறி, காட்டு நடுவே ஒரு லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. மறுநாள் இருட்டோடு பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு. பெயர் பதிகிற கிராணிகளில் பலர் மலையாளிகள் அல்லது யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். அவர்களுக்கு மேலே வெள்ளைக்காரத் துரை. வந்திறங்கியவரைச் சுற்றிலும் ஊர்க்காரர்கள்தான். அவர் வாங்கிய கடனின் கணக்கும் ஊர்க்காரரான கங்காணியிடமே இருந்தது.

1938-ல் இந்திய அரசு, உதவிப்பணம் கொடுத்துத் தொழிலாளரை அனுப்பும் முறைக்குத் தடை போட்டது. கங்காணி முறை முடிந்தது. வந்தவர்களின் பிள்ளைகள் மலாயாவின் பிள்ளைகளாக வளர்ந்தார்கள். 1957-ல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமைக்கான தாள்களைச் சேகரித்தவர்கள் குடிமக்களாகிவிட்டார்கள். 'எதற்கு இந்தத் தாள்' என்று விட்டவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு நிரந்தரவாசிகளாக நின்றுவிட்டார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, ஏறக்குறைய 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தது. தலைமுறைக் கணக்கில் பால் வெட்டியவர்கள் அவர்கள். எங்கே பிறந்தோம், எவ்வளவு உழைத்தோம் என்று யாரும் கேட்கவில்லை. தாள் இருக்கிறதா என்று மட்டுமே கேட்டார்கள்.

அதனால்தான் இந்த ஊர் மூத்த தலைமுறைத் தமிழர், புதிதாக வந்தவரிடம் ஊரையும் பேரையும் விசாரித்த கையோடு "பெர்மிட் சரியா இருக்கா?" என்று கேட்கிறார். அதைத் தலையீடு என்று நினைத்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து சுளிக்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சமூகம் பட்ட பாடு இருக்கிறது.

முதலில் தாள், பிறகு தேநீர்

1 டிசம்பர் 2023 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குள் நுழைந்து 30 நாட்கள் தங்கலாம். இந்தச் சலுகை 2026 முடிவுவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சுற்றுலா வருகிறவர்களுக்கு நல்ல செய்தி. வேலை தேடுகிறவர்களுக்கு இதுவே பொறியாகியிருக்கிறது. "இப்ப டூரிஸ்ட்டா போயிடு, அங்க போனதும் பெர்மிட் மாத்திக்கலாம்" என்று ஏஜெண்ட் சொன்னால், அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட வேண்டும். தொழிலாளர் பெர்மிட்டுக்கு முதலாளி முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஆள் ஊரில் இருக்கும்போதே விசா முடிந்திருக்க வேண்டும். 2023 மார்ச்சிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான புதிய ஒதுக்கீட்டை மலேசியா பெருமளவு நிறுத்திவைத்து, குறிப்பிட்ட சில துறைகளுக்கு மட்டுமே அவ்வப்போது திறக்கிறது. சுலபமாக வேலை வாங்கித் தருகிறேன் என்பவரின் வார்த்தையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

30 நாள் முடிந்தும் தங்கிவிட்டால் குடிநுழைவுச் சட்டப்படி அபராதமும் சிறையும் காத்திருக்கின்றன. பிடிபட்டவர்களை அடைத்துவைக்கும் தடுப்பு முகாம் ஜோகூரிலேயே, பொந்தியான் மாவட்டத்து பெக்கான் நானாஸில் இருக்கிறது. தடுப்பு முகாமுக்குள் போனவரின் குடும்பம் ஊரில், ராமநாதபுரத்திலோ பெரம்பலூரிலோ யாரைக் கேட்பது என்று தெரியாமல் அலையும். இந்தியத் தூதரகம் இருப்பது 300 கிலோமீட்டருக்கு அப்பால், கோலாலம்பூரில்.

சரியான வழியில் வருகிறவருக்கு என்ன நடக்க வேண்டும்? மலேசியா, வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் இந்திய அரசின் இ.சி.ஆர். பட்டியலில் உள்ள 18 நாடுகளில் ஒன்று. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் அந்த முத்திரை இருக்கும்; வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்டா இல்லையா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் எவரும் பார்க்கலாம். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்க முடியும். லட்சக்கணக்கில் கேட்பது ஊரறிந்த சங்கதி. அது சட்டவிரோதம் என்பதுதான் ஊருக்குத் தெரியவில்லை. பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். இதையும் எடுக்காமல் அனுப்பிவைக்கிற ஏஜெண்டுகளை என்னவென்று சொல்வது!

வந்திறங்கிய பிறகு ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டுத் தொழிலாளருக்கான ஃபோமெமா மருத்துவச் சோதனை. காசநோய் உள்ளிட்ட தொற்றுகள் கண்டால் பெர்மிட் கிடைக்காது, திரும்ப வேண்டியதுதான். எனவே ஊரிலேயே நேர்மையான ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு வருவது கடனிலிருந்து காப்பாற்றும்.

அடுத்தது பாஸ்போர்ட். "பத்திரமா இருக்கட்டும், ஆபீஸ்ல வெச்சுக்கறோம்" என்று முதலாளி கேட்பது இங்கே சகஜம். மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி, இன்னொருவரின் பாஸ்போர்ட்டை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது குற்றம். புதிதாக வந்தவரால் முதலாளியிடம் சட்டம் பேச முடியாது என்பது எனக்கும் புரிகிறது. குறைந்தபட்சம் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, வந்த அன்றைக்கே வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். தாளைத் தொலைத்தாலும் பறிகொடுத்தாலும் அந்தப் படங்கள்தான் பிறகு பேசும்.

சம்பளக் கணக்கும் முதல் வாரத்திலேயே தெளிவாகிவிட வேண்டும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. ஆகஸ்டிலிருந்து ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கும் அதுவே. ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்தாலும் 34,000 ரூபாய். வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு. வாரம் ஒரு நாள் ஓய்வு. வேலையில் அடிபட்டால் 2019-லிருந்து பெர்கேசோ காப்பீடு வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து இ.பி.எஃப். என்னும் சேமநிதிப் பிடித்தமும் வந்துவிட்டது: தொழிலாளி 2 சதவீதம், முதலாளி 2 சதவீதம். சம்பளச் சீட்டில் புரியாத பிடித்தம் இருந்தால் கேட்க வேண்டும், கேட்பது உரிமை.

ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பள ஆணையும் இ.பி.எஃப்.பும் வீட்டு வேலைக்கு வருகிற பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உணவகத்துக்கும் தோட்டத்துக்கும் வருகிற ஆணுக்கு நாலு பேர் துணை, அறைத்தோழர்கள் இருப்பார்கள். வீட்டுக்குள் வேலை செய்கிற பெண்ணுக்குக் கதவுக்கு வெளியே யாரையும் தெரியாது. அவளுடைய முதல் நாட்களைப் பற்றி எழுத நம்மிடம் மிகக் குறைவான செய்தியே இருக்கிறது என்பதே அவள் நிலைமைக்குச் சாட்சி. தங்கள் வீட்டுப் பெண்ணை இந்த வேலைக்கு அனுப்புகிறவர்கள் ஒருமுறைக்குப் பத்துமுறை யோசிக்க வேண்டும்.

ஊர் பழகும் விதம்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஜோகூர் பாரு என்றால் முதலில் லார்கின் சென்ட்ரல் பஸ் நிலையம்தான். அங்கிருந்து தெற்கே, ரயில் நிலையமான ஜே.பி. சென்ட்ரலையும் எல்லைச் சாவடியையும் ஒட்டியிருக்கிறது பழைய நகரம். வந்த முதல் ஓய்வு நாளில் அங்கே நடந்து பாருங்கள். ஜாலான் உங்கு புவானில் 1911-ல் எழுந்த ராஜமாரியம்மன் ஆலயம். சுற்றிலும் பூக்கடை, புடவைக்கடை, இலைச் சாப்பாடு. சிறிது தூரத்தில் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய மஸ்ஜித் இந்தியா. சலவைத் தொழிலாளர்கள் பெயரில் ஜாலான் டோபி என்ற தெரு. அங்கே 1937-லிருந்து விறகடுப்பில் ரொட்டி சுடும் சலாஹுதீன் பேக்கரி. ஜாலான் திருஸில் சீக்கியர்களின் குருத்துவாராவும் சீனர்களின் பழைய கோயிலும். தெப்ராவ் பக்கம், 1922-ல் சிறு கொட்டகையாகத் தொடங்கிய ராஜகாளியம்மன் ஆலயம் இன்று சுமார் மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள் இழைத்த கண்ணாடிக் கோயில். இவை ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு காலத்தில் புதிதாக வந்திறங்கியவர்கள்தான் கட்டினார்கள். கூலிப் பணத்தில் மிச்சம் பிடித்துக் கட்டினார்கள்.

கோயில் என்பது இங்கே சாமி கும்பிடும் இடம் மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தான் எந்த கிளினிக்கில் கட்டணம் குறைவு, எந்தத் தாமானில் அறை வாடகைக்குக் கிடைக்கும், பணம் அனுப்ப எந்தக் கடை நம்பகமானது என்பதையெல்லாம் சொல்லித் தருவார். மசூதியில் தொழுகைக்குப் பிறகும் இதே பேச்சுதான், தேவாலயத்திலும் இதேதான்.

அறை விஷயத்தில் ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலாளி தங்குமிடம் தராத வேலையில், வீடு எடுக்க இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, ஒரு மாத முன்வாடகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம் என்று கேட்பது இங்குள்ள வழக்கம். ஆக மூன்றரை மாத வாடகை கையில் வேண்டும். அலுவலக வேலைக்குக் குடும்பத்தோடு வருகிற இளம் பொறியாளர்கள் பலர் இதை எதிர்பார்க்காமல் முதல் மாதமே திணறுகிறார்கள். செனாய், செடெனாக் பக்கம் எழுந்துவரும் டேட்டா சென்டர்களும் 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலமும் இப்படிப்பட்டவர்களை இன்னும் அழைத்துவரும், வாடகையும் ஏறும். இவர்களுக்கு இன்னொரு செய்தி: ஜோகூரில் தமிழ்ப் பள்ளிகள் சுமார் எழுபது இருந்தாலும், வெளிநாட்டவர் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கத் தனி அனுமதியும் கட்டணமும் வேண்டும். இதை விசாரித்த பிறகு குடும்பத்தை அழைப்பது நல்லது.

வார விடுமுறை பற்றிப் பழைய ஆட்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2014 முதல் ஜோகூரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறையாக இருந்தது. 1 ஜனவரி 2025-லிருந்து மறுபடியும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் இங்கே பொது விடுமுறை உண்டு. தைப்பூசத்தன்று வேலைக்கு நிற்கச் சொன்னால் அதற்குரிய கூடுதல் சம்பளத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மலாய் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் கேட்டுக்கொண்டே இருப்பதால் இரண்டு ஆண்டு ஆகியும் மலாயில் நாலு வாக்கியம் பேசத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். சாலைச் சோதனையில் நிற்கிற அதிகாரி மலாயில்தான் கேட்பார். தொழிலாளர் துறையின் படிவம் மலாயில்தான் இருக்கும். மருந்துச் சீட்டும் அப்படியே. மலாய் கடினமான மொழி இல்லை; வினைச்சொல் காலத்துக்குக் காலம் மாறாது, எழுத்தும் ஆங்கில எழுத்துதான். முதல் வாரத்தில் எண்களும் விலை கேட்க 'பெராப்பா', உதவி கேட்க 'தோலோங்', நன்றிக்கு 'தெரிமா காசே', சம்பளத்துக்கு 'காஜி', விடுப்புக்கு 'சூத்தி', புரியவில்லை என்பதற்கு 'சாயா தாக் பாஹாம்' ஆகியவை போதும். கடைக்காரரிடம் பேசிப் பேசியே மூன்று மாதத்தில் பிழைக்கிற அளவுக்கு வந்துவிடும். பேசத் தொடங்கியவரை இந்த ஊர் மரியாதையாக நடத்துகிறது. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே மேசையில் தே தாரேக் தேநீர் குடிக்கிற ஊர் இது.

இன்னொன்று. மலேசியத் தமிழரை 'நம்ம ஆளு' என்று உரிமை கொண்டாடுவதில் ஓர் எல்லை வேண்டும். அவர்கள் இந்த நாட்டின் குடிமக்கள். அவர்களுக்கு இங்கே தங்கள் வேலை, கல்வி, பள்ளிக்கூடம் பற்றிய சொந்தக் கவலைகள் இருக்கின்றன. அவர்களுடைய தமிழைக் கேட்டுச் சிரிப்பதும், "எங்க ஊர்ல இப்படிப் பேச மாட்டோம்" என்று திருத்துவதும் அநாகரிகம். நூறாண்டுக்கு மேல் பள்ளியும் பத்திரிகையும் நடத்தி, காட்டு நடுவே காப்பாற்றிய மொழி அது. 1924-ல் ஜோகூர்–சிங்கப்பூர் பாலம் திறந்த அதே ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019 வரை வந்தது. அந்த உழைப்பின் மேல்தான் புதிதாக வந்தவரின் முதல் வாரம் சுலபமாகிறது.

தமிழ்நாட்டு அரசிடம் ஒரு வேண்டுகோள். அயலகத் தமிழர் நலத்துக்கென்று ஆணையரகமும் நலவாரியமும் இருக்கின்றன. ஜனவரி 12-ல் அயலகத் தமிழர் தினமும் கொண்டாடுகிறோம். மலேசியாவுக்குப் போகிறவர்கள் அதிகமுள்ள மாவட்டங்களில், பயணத்துக்கு முன்பே ஒரு வாரப் பயிற்சி நடத்துங்கள். அடிப்படை மலாய், சம்பளச் சட்டம், பாஸ்போர்ட் உரிமை, ஏஜெண்டைச் சரிபார்க்கும் முறை என்று நான்கு பாடம் போதும். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கோலாலம்பூருக்கு விமானம் ஏறுகிறவர்களின் கையில் ஒரு தமிழ்க் கையேட்டைக் கொடுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஒருவர் ஜோகூருக்குக் கிளம்புகிறார் என்றால், ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் அவருடைய பதிவை இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள்.